எஸ்.வி.ஜி.யிலிருந்து பி.டி.எஃப். ஆக்கும்போது கிளிப் பாதைக்குள் இருக்கும் வடிவங்கள் மறைந்துவிடுகின்றன

வரைதாள்

வணக்கம். கட்டட வரைபடங்களை எஸ்.வி.ஜி. கோப்பிலிருந்து பி.டி.எஃப். ஆக்கும் ஒரு நிரலைப் பைத்தானில் எழுதி வருகிறேன். ஆயத்த மாற்றிகள் பல இருந்தும் அவற்றை விட்டுவிட்டதற்குக் காரணம், அடுக்குகளும் அளவுகோலும் தலைப்புக் கட்டமும் ஒவ்வொரு தாளிலும் எங்கள் அலுவலக முறைப்படியே அமைய வேண்டியிருக்கிறது என்பதுதான். ஆகவே கன்டென்ட் ஸ்ட்ரீமை, அதாவது பக்கத்தில் எதை எங்கே வரைய வேண்டும் என்ற கட்டளைத் தொடரை, என் நிரலே எழுதுகிறது. அதைக் கோப்பில் சேர்க்கும் வேலையை மட்டும் பைக்பிடிஎஃப் நூலகத்திடம் விட்டிருக்கிறேன்.

இப்போது சிக்கலாக இருக்கும் வரைபடத்தில் இரண்டு வீடுகள் ஒட்டி நிற்கின்றன. சுவர்களுக்குள் மட்டும் செங்கல் ஹேட்ச் (கோடுகளால் ஆன நிரப்பு) தெரிய வேண்டும் என்பதற்காக, ஒரு பரப்புக்கு வெளியே விழுவதை மறைக்கும் கிளிப்பாத் உறுப்புக்குள் இடப்பக்க வீட்டின் சுவர்கள் தனித்தனிச் செவ்வகங்களாக இருக்கின்றன. வலப்பக்க வீடு அதன் கண்ணாடிப் பிம்பம் என்பதால், அதே செவ்வகங்கள் இடப்பெயர்ச்சியும் ஸ்கேல் −1, 1-உம் சேர்ந்த உருமாற்றத்தோடு யூஸ் உறுப்புகளாக மறுபடியும் வருகின்றன. பிரவுசரில் எந்தக் குறையும் இல்லை. பி.டி.எஃப்.-இல் ஹேட்ச் ஒரு கோடுகூடத் தெரியவில்லை. அதோடு, அதற்குப் பின் வரைய வேண்டிய தலைப்புக் கட்டமும் காணாமல் போகிறது. ஒவ்வொரு செவ்வகத்துக்கும் அதன் உருமாற்ற அணியை சி.எம். என்ற ஆபரேட்டர் (கட்டளை) கொண்டு அமைத்து, பாதையை எழுதி, அதைக் கிளிப்பாக்கும் டபிள்யூ, வரையாமலே பாதையை முடிக்கும் என் என்ற இரு ஆபரேட்டர்களையும் இட்டு, தலைகீழ் அணியால் பழைய நிலைக்குத் திருப்பிவிட்டு அடுத்த செவ்வகத்துக்குப் போகிறேன். எங்கே தவறுகிறது என்று யாராவது சொல்ல முடியுமா?

பாதைக்கணக்கு

நீங்கள் சொல்லும் இரண்டு அறிகுறிகளுக்கும் வேர் ஒன்றே. பி.டி.எஃப்.-இல் கிளிப் என்பது சுருங்க மட்டுமே கூடியது. டபிள்யூ ஆபரேட்டர் ஒவ்வொரு முறை வரும்போதும், ஏற்கெனவே உள்ள கிளிப் பரப்பையும் புதிய பாதையையும் வெட்டி, இரண்டுக்கும் பொதுவான பகுதியை மட்டும் மிச்சம் வைக்கிறது. எஸ்.வி.ஜி.யின் கிளிப்பாத் உறுப்போ, தனக்குள் இருக்கும் எல்லா வடிவங்களின் சேர்ப்பையும் கிளிப் பரப்பாக எடுத்துக்கொள்கிறது. வடக்குச் சுவரையும் தெற்குச் சுவரையும் அடுத்தடுத்து டபிள்யூ கொண்டு எழுதினால், அவை இரண்டுக்கும் பொதுவான பரப்பு எதுவும் இல்லை. ஆகவே கிளிப் வெறுமையாகி, அதன் பின் வரைந்த எதுவும் தாளில் விழாது.

தலைப்புக் கட்டம் மறைந்ததும் இதனால்தான். கிளிப்பை விரிப்பதற்கென்று பி.டி.எஃப்.-இல் ஓர் ஆபரேட்டரும் கிடையாது. கிளிப்பிடுவதற்கு முன் சிறிய க்யூ கொண்டு கிராபிக்ஸ் நிலையைச் சேமித்து, வேலை முடிந்ததும் பெரிய க்யூ கொண்டு மீட்பது ஒன்றே வழி. கிளிப் உள்ள ஒவ்வோர் உறுப்பையும் இந்த இரண்டுக்கும் நடுவில் அடைத்துவிடுங்கள்.

இனி, எல்லாச் செவ்வகங்களையும் ஒரே பாதையின் உட்பாதைகளாக எழுதி, கடைசியில் ஒரே ஒரு முறை டபிள்யூ, என் இடுங்கள். ஆனால் பாதை கட்டத் தொடங்கிய பின், அது முடிவதற்கு முன் சி.எம். ஆபரேட்டரை இடுவதை ஐ.எஸ்.ஓ. 32000 தரம் அனுமதிப்பதில்லை. சில வியூவர்கள் பொறுத்துக்கொள்ளும், சில பாதையைத் தூக்கி எறிந்துவிடும். எனவே ஒவ்வொரு குழந்தை உறுப்பின் (கிளிப்பாத்துக்குள் இருக்கும் உறுப்பின்) உருமாற்றத்தையும் உங்கள் நிரலிலேயே புள்ளிகளோடு பெருக்கி, எல்லாவற்றையும் ஒரே ஆள்கூற்று முறைக்குக் கொண்டுவந்த பிறகுதான் எழுத வேண்டும். கிளிப் பாதை அமர வேண்டிய ஆள்கூற்று முறை எது என்பதிலும் பலர் தடுமாறுகிறார்கள்: கிளிப்பாத்தின் அலகு யூசர்-ஸ்பேஸ் என்றால், அது கிளிப்பைப் பயன்படுத்தும் உறுப்பின் ஆள்கூற்று முறை, அந்த உறுப்பின் சொந்த டிரான்ஸ்ஃபார்மும் அதில் அடங்கும். ஆகவே வரிசை இப்படி இருக்க வேண்டும்: சிறிய க்யூ, உறுப்பின் அணியோடு சி.எம்., கிளிப் பாதை, டபிள்யூ, என், உறுப்பின் உள்ளடக்கம், பெரிய க்யூ. சி.எம்.-ஐக் கிளிப்புக்குப் பின்னால் தள்ளினால், உறுப்பு நகர்ந்துவிடும், கிளிப் பழைய இடத்திலேயே நிற்கும்.

வரைதாள்

மிக்க நன்றி ஐயா. நீங்கள் சொன்னபடியே மாற்றியதும் ஹேட்ச் வந்துவிட்டது, தலைப்புக் கட்டமும் வந்துவிட்டது. ஆனால் இரண்டு வீட்டுக்கும் நடுவில் உள்ள பொதுச்சுவர் மட்டும் வெள்ளையாக இருக்கிறது. அந்தச் சுவரின் நான்கு மூலைகள் (195, 0), (205, 0), (205, 120), (195, 120). பிம்பத்தின் அச்சு 200-இல் இருப்பதால், வலப்பக்க வீட்டின் பொதுச்சுவர் இதன் மேலேயே சரியாக வந்து அமர்கிறது. ஒன்றன் மேல் ஒன்று இருந்தால் சேர்ப்பில் அது இருக்கத்தானே வேண்டும்? இரண்டும் சேர்ந்து ஏன் ஓட்டையாக மாறுகின்றன?

பாதைக்கணக்கு

நீங்கள் கொடுத்த எண்களை வைத்தே பார்த்துவிடலாம். எக்ஸ் ஆள்கூற்றை 400-இலிருந்து கழிப்பதுதான் உங்கள் பிம்ப உருமாற்றம். அதன்படி (195, 0) என்ற மூலை (205, 0) ஆகிறது, (205, 0) என்பது (195, 0) ஆகிறது, தொடர்ந்து (195, 120), பின் (205, 120). அதே நான்கு மூலைகள், ஆனால் சுற்றிவரும் திசை தலைகீழ். பரப்பளவைக் குறியோடு கணக்கிட்டால் முதலாவதற்கு 1200, இரண்டாவதற்கு −1200 வரும்.

டபிள்யூ ஆபரேட்டர் நான்-ஜீரோ விதியைப் பின்பற்றுகிறது. ஒரு புள்ளியைச் சுற்றி ஒரு திசையில் போகும் பாதைக்கு +1, எதிர்த்திசையில் போவதற்கு −1 என்று கூட்டி, கூட்டுத்தொகை பூச்சியம் ஆகாவிட்டால் மட்டுமே அந்தப் புள்ளி உள்ளே இருப்பதாகக் கொள்ளும். உங்கள் பொதுச்சுவரில் +1-உம் −1-உம் சேர்ந்து பூச்சியம் ஆகிவிடுகிறது. எஸ்.வி.ஜி.யில் இது நிகழாததற்குக் காரணம், அங்கே விதி ஒவ்வொரு குழந்தை உறுப்புக்கும் தனித்தனியாகப் பொருந்துவதுதான். அதன் பின்னரே பரப்புகள் சேர்க்கப்படுகின்றன. நாம் எல்லாவற்றையும் ஒரே பாதையாக ஒட்டும்போது அந்தத் தனித்தன்மை போய்விடுகிறது.

நட்சத்திரக் குறியோடு வரும் டபிள்யூ, அதாவது ஈவன்-ஆட் விதி, இதைத் தீர்க்கும் என்று நினைத்து மாற்றிவிடாதீர்கள். அப்படிச் செய்தால் பொதுச்சுவர் அப்படியே வெள்ளையாக இருக்க, சுவர்கள் கூடும் மூலைகளும் புதிதாக வெள்ளையாகிவிடும்.

உங்கள் வரைபடத்துக்குப் போதுமான தீர்வு இது: உருமாற்ற அணியின் அணிக்கோவை எதிர்ம எண்ணாக இருந்தால், அந்தக் குழந்தை உறுப்பின் எல்லா உட்பாதைகளின் புள்ளி வரிசையையும் திருப்பிவிடுங்கள். ஓர் உறுப்பின் வெளி விளிம்பும் உள்ளே உள்ள ஓட்டையும் ஒன்றாகத் திரும்புவதால், அவற்றுக்கிடையே உள்ள உறவு குலையாது. தாளின் ஒய் அச்சைத் தலைகீழாக்கும் வெளி அணிக்கும் அணிக்கோவை எதிர்மம்தான். ஆனால் அது எல்லாவற்றுக்கும் ஒரே மாதிரி பொருந்துவதால் இந்தக் கணக்கில் அதைச் சேர்க்க வேண்டாம்.

இதிலும் ஒரு வரம்பு உண்டு. வெவ்வேறு நபர்கள் வரைந்த கோப்புகளில், உருமாற்றம் எதுவும் இல்லாமலேயே ஒரு பாதை வலஞ்சுழியாகவும் மற்றொன்று இடஞ்சுழியாகவும் வரையப்பட்டிருக்கும். அப்போது ஒவ்வொரு குழந்தை உறுப்பின் வெளி விளிம்புக்கும் குறியோடு பரப்பளவைக் கணக்கிட்டு, எல்லாவற்றையும் ஒரே திசைக்குக் கொண்டுவர வேண்டும். தன்னைத் தானே வெட்டிக்கொள்ளும் எட்டு வடிவப் பாதையிலோ, ஒரு குழந்தைக்கு ஈவன்-ஆட், இன்னொன்றுக்கு நான்-ஜீரோ என்று கிளிப்-ரூல் மாறிமாறி வரும்போதோ, திசையைத் திருப்புவது மட்டும் போதாது. பாதைகளின் சேர்ப்பை வடிவியல் முறையில் கணக்கிட்டே ஆக வேண்டும்.

புதுநிரலர்

இடையில் ஒரு கேள்வி. இவ்வளவு கணக்கு எதற்கு? ஒவ்வொரு சுவருக்கும் தனியாகக் க்யூ போட்டு, அந்தச் சுவரை மட்டும் கிளிப்பாக வைத்து, ஹேட்ச் முழுவதையும் வரைந்து, மீண்டும் அடுத்த சுவருக்குப் போனால் எல்லாப் பகுதியும் நிரம்பிவிடுமே? நான் ரிப்போர்ட்லேப் என்ற பைத்தான் பி.டி.எஃப். நூலகத்தில் அப்படித்தான் செய்கிறேன். எனக்கு வேறொரு குறை இருக்கிறது: கிளிப் பாதையைச் சுற்றி நான் கேட்காத மெல்லிய கறுப்புக் கோடு வருகிறது.

ஆஃப்செட்காரர்

கறுப்புக் கோட்டுக்கான விடை எளிது. ரிப்போர்ட்லேபில் கேன்வாஸின் கிளிப்பாத் செயற்கூறுக்கு ஸ்ட்ரோக் என்ற அளவுரு இயல்பாகவே 1 என்று இருக்கிறது. அதை வெளிப்படையாக 0 என்று கொடுங்கள், கோடு போய்விடும். அந்தக் கேன்வாஸின் நிரப்பும் விதி இயல்பில் ஈவன்-ஆட் என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். மேலே சொன்ன மூலை வெள்ளையாகும் குறை உங்களுக்கும் வரக்கூடும்.

திரும்பத் திரும்ப வரையும் முறையை நான் பரிந்துரைக்க மாட்டேன். ஒளிபுகா நிறமாக இருக்கும்வரை பார்வைக்குச் சரியாகவே இருக்கும். ஹேட்ச் 50 சதவீத ஒளிபுகும் தன்மையோடு இருந்தால், இரண்டு சுவர்கள் மேற்படியும் மூலையில் அது இரண்டு முறை விழுந்து 75 சதவீத அடர்த்தியாகிவிடும். ஒவ்வொரு மூலையிலும் ஒரு கருஞ்சதுரம் தெரியும். மேற்படியாமல் ஒட்டி நிற்கும் சுவர்களில் வேறு வகைக் குறை வரும். வியூவர்கள் விளிம்பை மென்மைப்படுத்தும்போது, இரு பக்கமும் பாதிப் பாதி நிறம் பெற்ற பிக்சல்கள் சேர்ந்து முழு நிறம் ஆவதில்லை. நடுவில் மயிரிழை போன்ற வெள்ளைக் கோடு நிற்கும். அச்சில் அது வராவிட்டாலும், திரையில் பார்த்து ஒப்புதல் தரும் வாடிக்கையாளர் அதைத்தான் முதலில் சுட்டிக்காட்டுவார். கோப்பின் அளவும் சுவர்களின் எண்ணிக்கைக்கு ஏற்பப் பெருகும்.

மேட்ரிக்ஸ்

பொதுவான மாற்றி ஒன்று எழுதுவதாக இருந்தால், திசைக் கணக்கும் வேண்டாம், திரும்ப வரைதலும் வேண்டாம், சாஃப்ட் மாஸ்க் (எங்கே எவ்வளவு தெரிய வேண்டும் என்பதை இன்னொரு வரைவின் வெளிச்ச அளவால் சொல்லும் மறைப்பு) போதும் என்பது என் கருத்து. ஒரு டிரான்ஸ்பரன்சி குரூப்பை, அதாவது ஒன்றாகக் கலக்கும் வடிவங்களின் தொகுதியை, சாம்பல் நிற வெளியில் அமைத்து, கிளிப்பாத்தின் குழந்தைகள் ஒவ்வொன்றையும் அதனதன் விதிப்படி வெள்ளை நிறத்தில் நிரப்புங்கள். ஸ்ட்ரோக் வேண்டாம், ஏனெனில் கிளிப்பாத்தில் கோட்டின் தடிமன் கணக்கில் வராது. பின்னர் அதை லூமினாசிட்டி (வெளிச்ச அளவு) மாஸ்க்காக வையுங்கள். வெள்ளையின் மேல் வெள்ளை விழுந்தாலும் வெள்ளைதான் என்பதால் சேர்ப்பு தானாகவே அமைந்துவிடுகிறது. கிளிப்பாத்தின் குழந்தைக்கே ஒரு கிளிப்-பாத் பண்பு இருந்தால், குரூப்புக்குள் அந்தக் குழந்தைக்கு மட்டும் க்யூ, டபிள்யூ இட்டுக்கொள்ளலாம். வடிவியல் நூலகம் எதையும் சார்ந்திருக்க வேண்டியதில்லை.

ஒன்றில் மட்டும் கவனம் தேவை. மாஸ்க்கின் ஆள்கூற்று முறை, அதை நடப்புக்குக் கொண்டுவரும் ஜி.எஸ். ஆபரேட்டரை இடும் நொடியில் நடப்பில் உள்ள அணியால் நிலைபெறுகிறது; பின்னால் உள்ளடக்கத்தை வரையும்போது உள்ள அணி அதற்குப் பொருட்டல்ல. உறுப்பின் சி.எம். முதலில், அதற்கடுத்து ஜி.எஸ். என்று வைத்துக்கொண்டால் சரியாக அமரும்.

ஆஃப்செட்காரர்

நுட்பத்தில் குறையில்லை, ஆனால் கோப்பு எங்கே போகிறது என்பதைப் பார்க்காமல் இதைப் பொதுத் தீர்வாக ஏற்க முடியாது. சாஃப்ட் மாஸ்க் பி.டி.எஃப். 1.4-இல் டிரான்ஸ்பரன்சியோடு வந்த வசதி. பி.டி.எஃப்./எக்ஸ்-1ஏ கேட்கும் அச்சகங்களுக்கு டிரான்ஸ்பரன்சி உள்ள கோப்பை அனுப்பவே முடியாது. ஆவணக் காப்பகங்கள் கேட்கும் பி.டி.எஃப்./ஏ-1-இலும் அதற்கு இடமில்லை. டிரான்ஸ்பரன்சியை அனுமதிக்கும் எக்ஸ்-4 ஏற்கும் இடங்களில்கூட, மாஸ்க்கின் பரப்பில் விழும் மெல்லிய கோடுகளும் சிறிய எழுத்துகளும் தட்டையாக்கும் படிநிலையில் படமாக மாறித் தடித்துவிடுவதுண்டு. ஹேட்ச் என்பதே மெல்லிய கோடுகளால் ஆனது. சுவர் வரைபடத்துக்கு வெக்டர் கிளிப்பே உகந்தது, மாஸ்க் கடைசிப் புகலிடமாக இருக்கட்டும் என்பதே என் உறுதியான நிலைப்பாடு.

பாதைக்கணக்கு

நானும் அதே பக்கம்தான். வடிவியல் சேர்ப்புக்குப் பைத்தானில் ஸ்கியா-பாத்ஆப்ஸ் நூலகம் இருக்கிறது. கிளிப்பர் நூலகத்தைப் பயன்படுத்தினால் வளைவுகளை முதலில் சிறு நேர்க்கோடுகளாக உடைக்க வேண்டியிருக்கும். ஸ்கியா வளைவுகளை வளைவுகளாகவே கையாளுகிறது. அது தரும் விடையில் இருபடி பெசியே வளைவுகள் இருந்தால் அவற்றை முப்படிக்கு உயர்த்திக்கொள்ளுங்கள், ஏனெனில் பி.டி.எஃப்.-இல் முப்படி வளைவுக்கு மட்டுமே ஆபரேட்டர் உண்டு. குழந்தைக்குச் சொந்தக் கிளிப் இருந்தால், முதலில் அவ்விரண்டின் வெட்டு, பிறகு மற்றவற்றோடு சேர்ப்பு.

கிளிப்பாத் உறுப்பின் மேலேயே ஒரு கிளிப்-பாத் பண்பு இருக்கும் நிலையில், மாறாக, நூலகத்தின் உதவியே வேண்டாம். அது முழுச் சேர்ப்போடும் நிகழும் வெட்டு என்பதால், டபிள்யூ, என் இரண்டையும் அடுத்தடுத்து இரு முறை இட்டால் போதும். வரைதாள் தொடக்கத்தில் செய்தது அந்த இடத்தில்தான் சரியாகும்.

வரைதாள்

திசையைத் திருப்பியதும் பொதுச்சுவர் நிரம்பிவிட்டது. வெளியிலிருந்து வரும் கோப்புகளுக்காக ஸ்கியா வழியையும் சேர்த்துவிட்டேன். ஆனால் வரைபடத்தை 90 பாகை திருப்பி அச்சிடும் தாள்களில் மட்டும் புதிய குறை ஒன்று. ஒரு வியூவரில் கிளிப் சரியாக இருக்கிறது. இன்னொன்றில் திருப்பிய பகுதி முழுவதும் வெற்றாக இருக்கிறது. 89.9 பாகை என்று கொடுத்தால் இரண்டிலும் தெரிகிறது.

மேட்ரிக்ஸ்

89.9-இல் தெரிகிறது என்பதே காரணத்தைக் காட்டிக்கொடுக்கிறது. 90 பாகையின் கோசைன் மதிப்பு மிதவைப் புள்ளிக் கணக்கில் பூச்சியமாக வருவதில்லை. சுமார் 6.12 பெருக்கல் 10-இன் அடுக்கு −17 என்ற மிகச் சிறிய எண்ணாக வருகிறது. பைத்தான் அதை உரையாக்கும்போது ஈ என்ற எழுத்தோடு கூடிய அடுக்குக்குறி வடிவில் எழுதிவிடும். பி.டி.எஃப். இலக்கணத்தில் அடுக்குக்குறி எண்ணுக்கு இடமே இல்லை. ஒரு வியூவர் அதைப் பூச்சியம் என்று புரிந்துகொள்ளும், மற்றொன்று 6 சொச்சம் என்று எடுத்துக்கொள்ளும், இன்னொன்று அந்த ஆபரேட்டரையே விட்டுவிடும். எண்களை எழுதும் எல்லா இடங்களிலும் நிலையான தசம வடிவத்தை, 6 இலக்கம் என்று வைத்துக்கொள்ளலாம், ஒரே செயற்கூறின் வழியாகப் பயன்படுத்துங்கள்.

இத்தகைய குறைகளைக் கண்ணால் பார்த்துவிடுவது நல்லது. கியூபிடிஎஃப் கருவியின் கியூடிஎஃப் முறையில் கோப்பை விரித்தால், கன்டென்ட் ஸ்ட்ரீம் படிக்கக்கூடிய உரையாகக் கிடைக்கும். அதில் டபிள்யூவுக்குப் பின் வரும் என் ஆபரேட்டரைப் பெரிய எஸ் (பாதையின் விளிம்பைக் கோடாக வரையும் ஆபரேட்டர்) என்று மாற்றிச் சேமித்து, ஃபிக்ஸ்-கியூடிஎஃப் கொண்டு கோப்பின் உள் அட்டவணையைச் சீராக்கித் திறந்து பாருங்கள். கிளிப், பாதையை வரைந்து முடித்த பின்தான் நடப்புக்கு வரும். ஆகவே அதே பாதையின் விளிம்பு முழுத் தடிமனில் தாளில் விழும். கிளிப் எங்கே நிற்கிறது என்பது உடனே தெரிந்துவிடும். அங்கேயும் எதுவும் தெரியவில்லை என்றால், பாதை தாளுக்கு வெளியே போயிருக்கிறது அல்லது அதற்கு முன்னால் ஏதோ ஒரு கிளிப் மீட்கப்படாமல் கிடக்கிறது என்று பொருள்.

புதுநிரலர்

ஸ்ட்ரோக்கை 0 ஆக்கியதும் கறுப்புக் கோடு போய்விட்டது, நன்றி. இதே போன்ற இன்னொரு குறை: நான் கிளிப்பே இடாத அம்புக்குறிகளின் கூர்முனை வெட்டுப்பட்டுத் தெரிகிறது. அளவுக் கோடுகளின் அம்புக்குறிகளை ஒரு ஃபார்ம் எக்ஸ்ஆப்ஜெக்டாக ஒரு முறை எழுதி, தேவையான இடங்களில் அழைக்கிறேன்.

பாதைக்கணக்கு

நீங்கள் இடாவிட்டாலும் அங்கே ஒரு கிளிப் இருக்கிறது. ஃபார்ம் எக்ஸ்ஆப்ஜெக்டின் பிபாக்ஸ் (அதன் எல்லைப்பெட்டி) வெறும் தகவல் அன்று. உள்ளடக்கத்தை அந்தப் பெட்டிக்குள் கத்தரிக்க வேண்டும் என்பது தரத்தின் விதி. எஸ்.வி.ஜி.யின் எல்லைப்பெட்டியை அப்படியே எடுத்து பிபாக்ஸாக வைத்திருப்பீர்கள். அந்தப் பெட்டியில் கோட்டின் தடிமன் சேராது. அம்பின் முனையில் இரு கோடுகள் கூர்மையாகக் கூடும்போது மைட்டர் முனை இன்னும் வெளியே நீளும். தடிமனின் பாதியை மைட்டர் லிமிட்டால் (கூர்முனை எவ்வளவு நீளலாம் என்ற வரம்பால்) பெருக்கி, நான்கு பக்கமும் பெட்டியை விரித்தால் எந்த முனையும் வெட்டுப்படாது. எஸ்.வி.ஜி.யில் மைட்டர் லிமிட்டின் இயல்பு மதிப்பு 4, பி.டி.எஃப்.-இல் 10. பெரிய எம் ஆபரேட்டரைக் கொண்டு அதை 4 என்று வெளிப்படையாக எழுதாவிட்டால், பிரவுசரில் மொட்டையாக இருக்கும் முனை பி.டி.எஃப்.-இல் கூராக நீண்டு, அதன் பின் பெட்டியில் வெட்டுப்படும்.

வரைதாள்

எண்களுக்கான செயற்கூறை எழுதியதும் திருப்பிய தாள்கள் எல்லா வியூவரிலும் சரியாகத் திறக்கின்றன. இப்போது என் நிரல் போகும் வழி இது: கிளிப்பாத்தின் ஒவ்வொரு குழந்தையின் புள்ளிகளையும் அணியோடு பெருக்குகிறது, எல்லாம் செவ்வகங்களாகவோ தன்னை வெட்டாத பலகோணங்களாகவோ இருந்தால் திசையை ஒன்றாக்குகிறது, இல்லாவிட்டால் ஸ்கியாவிடம் சேர்ப்பைக் கேட்கிறது, பிறகு க்யூ இரண்டுக்கும் நடுவில் ஒரே டபிள்யூ. கிளிப்பாத் உறுப்பு காலியாக இருக்கும் கோப்பு ஒன்று வந்திருக்கிறது. எழுதப் பாதையே இல்லாததால் என் நிரல் டபிள்யூவைத் தவிர்த்துவிட்டு உள்ளடக்கத்தை முழுவதுமாக வரைகிறது. அது சரிதானா?

பாதைக்கணக்கு

சரியில்லை. காலியான கிளிப்பாத் எல்லாவற்றையும் மறைக்க வேண்டும். அந்த நிலையில் அந்த உறுப்பை எழுதாமலேயே விட்டுவிடுங்கள். வெறும் பாதையோடு டபிள்யூ இட்டால் வியூவருக்கு வியூவர் விளைவு மாறும். ஆப்ஜெக்ட்-பவுண்டிங்-பாக்ஸ் அலகில், அதாவது உறுப்பின் எல்லைப்பெட்டியையே அளவாகக் கொண்டு, உள்ள கிளிப்பையும் இதே இடத்தில் சோதித்துக்கொள்ளுங்கள். முழுக்கக் கிடைமட்டமான கோட்டின் எல்லைப்பெட்டிக்கு உயரம் பூச்சியம், ஏனெனில் அதிலும் தடிமன் சேராது. ஆகவே கிளிப் பரப்பும் பூச்சியமாகிவிடும்.  அந்தப் பெட்டியிலிருந்து உருவாகும் அணிக்குத் தலைகீழ் அணியும் கிடையாது என்பதால், எங்காவது தலைகீழ் கணக்கிட்டுக்கொண்டிருந்தால் உங்கள் நிரல் அங்கே பிழையோடு நின்றுவிடும். அணிக்கோவை பூச்சியமா என்ற சோதனையை எல்லாவற்றுக்கும் முன்னால் வையுங்கள்.